‘பயப்படாம உள்ள போங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். முக்கியமான பகுதிகளை மட்டும் தருகிறேன்.

“பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வடாம், மாவடு என்று வீட்டிலேயே செய்து நாலு வருஷமாக இணையதளம் வழியாக விற்கிறேன். ஆகஸ்டில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக ஜூலையில்தான் எங்களுக்கு ஆர்டர் குவியும். போன வாரத்திலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் குரோமில் திரை முழுக்கச் சிவப்பாகி ‘ஆபத்தான தளம்’ என்று வருகிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் அப்படித்தான். என் கணவரின் ஆபீஸ் லேப்டாப்பில் எட்ஜில் மட்டும் ஒழுங்காகத் திறக்கிறது. தளத்தை அமைத்துக் கொடுத்தவன் என் தம்பி மகன். ‘போன வருஷம் எஸ்எஸ்எல் முடிஞ்சப்ப வந்த மாதிரிதான் அத்தை, கேஷ் கிளியர் பண்ணா போயிடும்’ என்கிறான். விலை அதிகமான ஆர்டர் பிளகின் ஒன்றைக்கூட இரண்டு மாதம் முன்னால் இலவசமாகத் தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்த கெட்டிக்காரன். உறவுக்காரர் குரூப்பில் ‘உங்க சைட்ல வைரஸாமே’ என்று கேட்கிறார்கள். அவமானமாக இருக்கிறது. யாரோ ஒருவர் போன் செய்து, 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் சிவப்பை எடுத்துவிடுவேன் என்றார். யாரையும் ஏமாற்றாத எங்கள் மேல் ஏன் இந்த முத்திரை? ‘பயப்படாம உள்ள போங்க’ என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லலாமா? கேஸ் போட முடியுமா?”

அம்மா, கடைசிக்கு முந்தின கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியது. சொல்லக் கூடாது. உங்கள் தளம் பத்தரை மாற்றுத் தங்கமாகவே இருந்தாலும் சொல்லக் கூடாது.

அந்தச் சிவப்புத் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வழி இருக்கும். அதை அழுத்தினால் எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போய்விடலாம். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்கள், மீதிப் பேர் இன்னும் மூத்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30-க்கு கரண்ட் கட்’ என்று போலி மெசேஜ் வருவதும் அவர்களுக்குத்தான். அதிலுள்ள லிங்கைத் தொட்டால் அவர்களைத் தடுத்து நிறுத்தப்போவது இதே சிவப்புத் திரைதான். ‘நம்ம பொடி மாமி சைட்லகூட இப்படித்தான் வந்தது, தாண்டிப் போனேன், ஒண்ணும் ஆகலை’ என்ற அனுபவத்தை அவர்களுக்கு நீங்கள் கொடுத்துவிட்டால், அடுத்த முறை அந்தத் திரைக்கு மரியாதை இருக்காது. இன்னொன்றும் உண்டு. உங்கள் தளத்தில் நிஜமாகவே யாராவது புகுந்திருந்தால், ஆட்களை நீங்களே கையைப் பிடித்து உள்ளே அனுப்பியதாக ஆகிவிடும்.

அதனால் இன்றைக்கே எல்லோருக்கும் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘எங்க வெப்சைட்ல ஒரு எச்சரிக்கை வருது. என்னன்னு பார்த்துட்டு இருக்கோம். சரியாகிற வரைக்கும் சைட்டைத் திறக்காதீங்க. ஆர்டரை இந்த நம்பருக்கு வாட்ஸாப்ல அனுப்புங்க.’ அவ்வளவு போதும். மறைப்பதைவிட இதில் பெயர் கெடாது. ஜூலை ஆர்டரும் கையை விட்டுப் போகாது.

அடுத்து, தம்பி மகன் சொன்ன எஸ்எஸ்எல். அது வேறு, இது வேறு. எஸ்எஸ்எல் என்பது தளத்துக்கு வாங்கி மாட்டும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ். அது காலாவதியானால் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை வரும். புதுப்பித்தால் போய்விடும். வாடிக்கையாளருக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ். தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. திருடர்களுக்கும் அது இலவசமாகவே கிடைக்கிறது, மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது வந்திருப்பது வேறு. உங்கள் தள முகவரி ஒரு கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறது. போனில் கேஷை, அதாவது போன் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்க நகல்களை, நூறு தடவை அழித்தாலும் அந்தப் பட்டியல் மாறாது.

எந்தப் பட்டியல் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஐபோனின் சஃபாரி ஆகிய மூன்றும் கூகுளின் ‘சேஃப் பிரவுசிங்’ பட்டியலைப் பார்க்கின்றன. எட்ஜ் பார்ப்பது மைக்ரோசாஃப்டின் ‘ஸ்மார்ட்ஸ்கிரீன்’ என்ற தனிப் பட்டியல். எட்ஜில் திறக்கிறது என்றால் மைக்ரோசாஃப்ட் இன்னும் உங்களைக் குறிக்கவில்லை, கூகுள் குறித்திருக்கிறது என்று பொருள். எட்ஜில் திறப்பதால் தளம் சுத்தம் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, கூகுள் தவறு செய்யுமா? செய்யும். 2009 ஜனவரி 31, சனிக்கிழமை, நம்மூர் நேரப்படி இரவு எட்டு மணி வாக்கில் கூகுளில் எதைத் தேடினாலும் ஒவ்வொரு முடிவுக்குக் கீழும் ‘இந்தத் தளம் உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம்’ என்று வந்தது. கெட்ட முகவரிகளின் பட்டியலில் யாரோ ஒருவர் கைத்தவறாக வெறும் ஒரு சாய்கோட்டைச் சேர்த்துவிட்டார். எல்லா இணைய முகவரியிலும் சாய்கோடு இருக்குமே! ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்து, மனிதத் தவறு என்று கூகுளே ஒப்புக்கொண்டது. உலகத்தின் அத்தனை தளங்களும் கொஞ்ச நேரம் உங்கள் நிலைமையில் இருந்தன.

அப்படிப்பட்ட கைத்தவறு அபூர்வம். அன்றாடம் நடக்கும் தவறுகள் வேறு விதமானவை. மோசடிப் பக்கங்கள் சராசரியாகப் பத்து நிமிடம்கூட உயிரோடு இருப்பதில்லை என்று 2024-இல் கூகுள் சொன்னது. அதற்குள் பிடிக்க வேண்டும் என்றால் ஆள் உட்கார்ந்து பார்க்க நேரமில்லை, இயந்திரம்தான் முடிவெடுக்கும். இயந்திரம் சாயலைப் பார்க்கிறது. பக்கத்தில் எந்தெந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்து, தெரிந்த மோசடிப் பக்கங்களோடு ஒப்பிடும் வித்தை 2021-லேயே குரோமுக்குள் வந்துவிட்டது. ஒரு வங்கியின் லோகோ இருக்கிறது, முகவரியோ அந்த வங்கியுடையது இல்லை, நடுவில் எண் கேட்கும் ஒரு கட்டம் வேறு. அதன் கண்ணுக்கு இது திருட்டுப் பக்கத்தின் அச்சு அசல்.

இங்கே உங்கள் பணம் கட்டும் பக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மேலே வரிசையாக ஐந்தாறு வங்கி லோகோக்கள், யுபிஐ செயலிகளின் சின்னங்கள். கீழே ‘ரீஃபண்டுக்காக’ என்று வங்கிப் பெயர், கணக்கு எண், வங்கியில் பதிவு செய்த மொபைல் எண் எல்லாம் கேட்கிறீர்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் உங்களை யாரென்றே தெரியாத ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் அவரும் சந்தேகப்படுவார். அந்த லோகோக்களையும் அந்தக் கட்டங்களையும் எடுத்துவிடுங்கள். ரீஃபண்ட் வேண்டும் என்பவர் போனில் கேட்கட்டும். பணம் வாங்க உங்கள் கடைப் பெயர் போட்ட க்யூஆர் போதும், அல்லது கடைகளுக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஒரு பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்துக்கே வாடிக்கையாளரை அனுப்பிவிடலாம்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் மற்ற வாசகர்களுக்காக இன்னொரு காரணத்தையும் சொல்கிறேன். சொந்த முகவரி வாங்காமல், இலவசமாகக் கிடைக்கும் பொது முகவரிக்குக் கீழே கடை போட்டிருப்பவர்கள் பலர். ஒரே அபார்ட்மென்டில் யாரோ ஒரு வீட்டுக்காரர் சூதாட்டம் நடத்தினார் என்று மொத்தக் கேட்டையும் சீல் வைப்பது போல, அங்கே பக்கத்துக் கடைக்காரர் செய்த மோசடிக்கு மொத்த முகவரியும் சில சமயம் சிவப்பாகிவிடும். வேறொருவர் முன்பு வைத்திருந்து விட்டுவிட்ட முகவரியை வாங்குபவர்களுக்குப் பழைய பாவமும் சேர்ந்து வந்து சேர்வது உண்டு. உங்களுடையது சொந்தமான டாட் இன் முகவரி, புதிதாக வாங்கியது, நாலு வருஷப் பழக்கம். இந்த இரண்டும் உங்களுக்கு இல்லை.

மிச்சமிருப்பது, ‘இலவசமாகத் தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்த’ அந்தப் பிளகின், அதாவது தளத்தில் ஒரு கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள். மன்னிக்கணும், கடிதத்தைப் படிக்கும்போது என் பென்சில் நின்ற இடம் அதுதான். உங்கள் தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கென்று காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினை எவரோ பூட்டுடைத்து இலவசமாகப் போட்டிருக்கிறார் என்றால், அவருக்கு என்ன லாபம்? பல சமயம் அதற்குள்ளேயே ஒரு பின்வாசல் வைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த வழியாக வந்து, உங்கள் தளத்தின் ஏதோ ஒரு மூலை ஃபோல்டரில் ஒரு பொய்ப் பக்கத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அது வெளிநாட்டு வங்கியின் லாகின் பக்கமாக இருக்கலாம், கூரியர் கம்பெனி பெயரில் பணம் கேட்பதாக இருக்கலாம். உங்கள் முகப்புப் பக்கத்தில் மாவடு படம் அப்படியே இருக்கும். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, உண்மைதான். உங்கள் முகவரியை வைத்து வேறொருவர் ஏமாற்றிக்கொண்டிருக்கலாம்.

‘நான் பார்த்தேன், எதுவும் இல்லை’ என்று தம்பி மகன் சொல்வான். அவன் கம்ப்யூட்டரில் பார்த்திருப்பான். இந்தப் பக்கங்கள் எல்லோருக்கும் தெரியாது. போனில் வருபவருக்கு மட்டும், குறிப்பிட்ட நாட்டிலிருந்து வருபவருக்கு மட்டும், குறிப்பிட்ட லிங்க் வழியாக வருபவருக்கு மட்டும் தெரியும்படி வைப்பார்கள். அதனால் கண்ணால் பார்ப்பது போதாது, கோப்புகளைப் பார்க்க வேண்டும்.

அவனைக் கோபிக்காமல் பக்கத்தில் உட்கார வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். முதலில் இப்போது இருக்கிற நிலையிலேயே முழுத் தளத்தையும் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைக்கட்டும், பிறகு ஆதாரமாக உதவும். தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கில் நுழைந்து, கடந்த இரண்டு மூன்று மாதத்தில் மாறிய கோப்புகளைத் தேதிவாரியாகப் பார்க்கட்டும். வேர்ட்பிரஸின் அப்லோட்ஸ் ஃபோல்டரில் சாதாரணமாகப் படங்கள்தான் இருக்க வேண்டும். சில பிளகின்கள் காலியான இண்டெக்ஸ் கோப்பு ஒன்று வைக்கும், அதை விட்டுத் தள்ளலாம். மற்றபடி பிஎச்பி என்று முடியும் நிரல் கோப்பு எது இருந்தாலும் சந்தேகம்தான். அட்மின் பயனர் பட்டியலில் உங்கள் இருவரைத் தவிர மூன்றாவது பெயர் இருக்கிறதா? வேர்ட்ஃபென்ஸ் என்ற பிளகினின் இலவசப் பதிப்பே மாறிப்போன கோப்புகளைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் அது ‘சுத்தம்’ என்று சொன்னதும் எழுந்துவிடாதீர்கள்.

இதைவிட அவசரமான ஒன்று: பணம் கட்டும் பக்கத்தில் இருக்கும் க்யூஆரை உங்கள் போனில் நீங்களே ஸ்கேன் செய்து, வருவது உங்கள் பெயரும் உங்கள் யுபிஐ முகவரியும்தானா என்று பாருங்கள். உள்ளே புகுந்தவனுக்குப் படத்தை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ‘பணம் அனுப்பினேன், பொடி வரலை’ என்று யாராவது சமீபத்தில் சொன்னார்களா என்றும் யோசித்துப் பாருங்கள். அப்படி யாருக்காவது பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லச் சொல்லுங்கள். சைபர் மோசடியில் போன பணத்துக்கு அந்த எண்தான், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு.

ஏதாவது கிடைத்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். பின்வாசல் இருக்கும்வரை நாளைக்கே திரும்ப வரும். அந்தப் பிளகினை வேரோடு எடுத்து, வேர்ட்பிரஸையும் மற்ற பிளகின்களையும் அவற்றின் அசல் இடத்திலிருந்து புதிதாக இறக்கிப் போட்டு, ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ், டேட்டாபேஸ் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். பேக்கப் இருந்தால் பிளகின் போட்ட நாளுக்கு முந்தினதாக எடுங்கள். அதற்குப் பிந்தினதில் நோயும் சேர்ந்தே இருக்கும்.

இனி மேல்முறையீடு. கூகுளில் ‘சர்ச் கன்சோல்’ என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்து உள்ளே போனால் ‘செக்யூரிட்டி இஷ்யூஸ்’ என்ற பகுதியில், எதற்காகக் குறித்தார்கள் என்று போட்டிருப்பார்கள். சில சமயம் குற்றமுள்ள பக்கத்தின் முகவரியையே காட்டுவார்கள், சில சமயம் பொதுவாக ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். எனக்குப் பிடிக்காத வழக்கம் அது. அங்கேயே உரிமையாளர் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள், திருடன் தன்னையும் ஓர் உரிமையாளராகச் சேர்த்துவைத்திருப்பது நடப்பதுதான். எல்லாம் சுத்தமானதும் ‘ரெக்வெஸ்ட் ரிவ்யூ’ பொத்தானை அழுத்தி எழுதுங்கள். என்ன இருந்தது, எதை நீக்கினீர்கள், மறுபடி வராமலிருக்க என்ன செய்தீர்கள் என்று எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி போதும். ‘நாங்கள் நேர்மையானவர்கள், நாலு வருஷமாக’ என்ற வாக்கியமெல்லாம் அங்கே எடுபடாது.

ஃபிஷிங் (தகவலைப் பறிக்கும் போலிப் பக்கம்) என்று குறித்திருந்தால் மறுபரிசீலனைக்குச் சுமார் ஒரு நாள், மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) என்றால் சில நாள் ஆகும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. பதில் வரும்முன் திரும்பத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டாம். சுத்தம் செய்யாமலே ‘செய்துவிட்டோம்’ என்று எழுதவும் வேண்டாம். சுத்தமாவதும் மறுபடி கெடுவதுமாக இருக்கும் தளங்களைத் தொடர் குற்றவாளி என்று குறித்து, 30 நாளைக்கு மேல்முறையீடே செய்ய முடியாமல் பூட்டிவிடும் விதி 2016 முதல் இருக்கிறது. உங்கள் சீசனில் 30 நாள் என்பது சீசன் முழுக்க.

கோப்புகளையெல்லாம் புரட்டியும் எதுவும் அகப்படவில்லை, அந்த லோகோ பக்கம்தான் மாட்டிவிட்டது என்று தோன்றினால், அப்போது இது நிஜமாகவே கூகுளின் தவறு. பக்கத்தைத் திருத்திவிட்டு அதையே சொல்லி ரிவ்யூ கேளுங்கள். கூடவே, தவறாகக் குறிக்கப்பட்ட தளங்களைத் தெரிவிக்கச் சேஃப் பிரவுசிங்கில் தனியாக ஒரு படிவம் உண்டு, அதையும் நிரப்புங்கள். சிவப்புப் பக்கத்தின் விவரங்களுக்குள் அதற்கான இணைப்பு இருக்கும்.

உங்கள் கோபம் நியாயமானது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஒரு கடையின் ஷட்டரை இறக்கும் அதிகாரம் ஒரு கம்பெனியின் பட்டியலுக்கு இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு இப்படி ஆனால் கூப்பிட்டுப் பேச ஆள் கிடைக்கும். நங்கநல்லூரில் பொடி விற்பவருக்கு ஒரு படிவம்தான் கிடைக்கும். பத்து நிமிடத்தில் ஓடிவிடும் திருடனைப் பிடிக்க இயந்திரம் அவசரப்படுவது எனக்குப் புரிகிறது. நாலு வருஷமாக ஒரே இடத்தில் இருக்கும் கடைக்கும் அதே அவசரம் எதற்கு என்பது புரியவில்லை.

ஆனால் கேஸ்? நான் வக்கீல் இல்லை, வக்கீலிடம் கேட்பதைத் தடுக்கவும் மாட்டேன். அமெரிக்காவில் ஜாங்கோ என்ற மென்பொருள் நிறுவனம், தன் மென்பொருளைத் தீங்கானது என்று தடுத்ததற்காக ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி மேல் வழக்குப் போட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அது அந்த நாட்டுச் சட்டம். இருந்தாலும், சிவப்புத் திரை சில நாளில் போகக்கூடியது, வழக்கு அப்படியில்லை.

அந்த 15,000 ரூபாய்க்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என்ன கோப்பை நீக்கப் போகிறீர்கள்? சுத்தம் செய்து தருகிறேன் என்று, என்ன செய்வார் என்பதை எழுதிக் கொடுத்து, கூலி கேட்பவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான தொழில். ‘கூகுளில் ஆள் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவேன்’ என்பது சுத்தப் பொய். ரிவ்யூவுக்குக் கட்டணமே கிடையாது. அவருக்கு உங்கள் ஹோஸ்டிங் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஒரு திருடனோடு இன்னொருவரும் சேர்ந்துகொள்ளலாம். தளம் சிவப்பானது இவருக்கு எப்படித் தெரிந்தது என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.

கூகுள் விடுவித்த பிறகும் யாராவது ‘என் போன்ல இன்னும் வருதே’ என்றால், அது அவர்களுடைய ஆன்டிவைரஸ் கம்பெனியின் தனிப் பட்டியலாக இருக்கும். வைரஸ்டோட்டல் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் எந்தெந்தக் கம்பெனி இன்னும் குறித்துவைத்திருக்கிறது என்று மொத்தமாகத் தெரியும். அவர்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டியதுதான், வேறு குறுக்குவழி இல்லை.

அப்புறம், சர்ச் கன்சோலில் பதிவு செய்யும்போது உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள், தம்பி மகனுடையதை அல்ல. தளத்தில் ஏதாவது அகப்பட்டால் கூகுள் அந்த முகவரிக்குத்தான் எழுதும். டாட் இன் முகவரி யார் பெயரில் இருக்கிறது என்றும் அவனிடம் கேட்டுவிடுங்கள். அவன் பெயரில் இருந்தால், இந்த வேலையெல்லாம் முடிந்த கையோடு உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.